எட்டுக்கு நாலு மிஷின்

ப்ளைவுட் எட்டடிக்கு நாலடியாகத்தான் வரும். கடைக்காரருக்குத் தெரியும், ஆசாரிக்குத் தெரியும், ஏற்றி வரும் குட்டியானை வண்டி டிரைவருக்கும் தெரியும். கோமளாவின் மரம் செதுக்கும் மிஷினுக்கு மட்டும் தெரியாது. அதன் நீளம் இரண்டடி, அகலம் இரண்டடி. ஒரு முழுப் பலகையில் வேலை செய்ய வேண்டுமென்றால் எட்டுத் துண்டாக அறுத்து, ஒவ்வொன்றாகச் செதுக்கி, மறுபடியும் ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் கோடு தெரியும். தெரியவில்லை என்று கோமளா சொல்வாள். தெரிகிறது என்று வாங்கியவர் சொல்ல மாட்டார். "ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று வாங்கிக்கொண்டு போவார். அடுத்த தடவை வர மாட்டார், அவ்வளவுதான். கோயமுத்தூரில் முகத்துக்கு நேரே குறை சொல்கிற வழக்கம் கிடையாது.

கோமளா பீளமேட்டில் ஒரு டூல்ரூமில் பதினோரு வருடம் சிஎன்சி புரோகிராமராக, அதாவது கம்ப்யூட்டரில் ஓடும் மிஷின்களுக்கு வேலை சொல்பவளாக, இருந்தவள். கம்பெனியை ஓசூருக்கு மாற்றினார்கள். கோமளாவை மாற்ற முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத பெண் என்பதால், மாடியில் துணி காயப்போடும் இடத்துக்குத் தகரக் கூரை போட்டு, அந்தக் குட்டி மிஷினை அவளே கட்டினாள். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மரத்தில் அப்படியே செதுக்கித் தரும். பெயர்ப்பலகை, சாவி மாட்டும் கட்டை என்று சில்லறை வேலைகள் வந்தன. பிறகு ஆசாரிகள் வந்து கதவு கேட்டார்கள். இரண்டடியில் கதவு செய்தால் அதில் கோழிதான் நுழைய முடியும்.

ஆகவே எட்டுக்கு நாலில் ஒரு மிஷின் கட்டுவது என்று முடிவு செய்தாள். அதற்கு இடம் வேண்டும். கணபதியில் அவர்கள் குடியிருந்த வீடு மாமனார் அரங்கசாமியுடையது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. அதில் உடைந்த கட்டில், ஓடாத ஸ்கூட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று வைத்த மற்ற சாமான்கள். இத்தனை வருடமாக யாருக்கும் வேண்டாத அந்த ஷெட்டை, கோமளா கேட்ட அதே வாரத்தில் அவள் கொழுந்தன் சசிதரும் கேட்டான். சசிதருக்குப் பனியன் வேஸ்ட் வியாபாரம், பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துணி. மூட்டைகளை அடுக்க குடோன் தேடிக்கொண்டிருந்தான்.

அரங்கசாமிக்கு வயது எழுபத்திரண்டு. இரண்டு பக்கமும் மனம் நோகக்கூடாது என்று ஒரு வாரம் யோசித்தார். சசிதர் அவிநாசியில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு ஆறு மாதம் இருந்தது.

"இப்பிடிப் பண்ணலாம் கண்ணு," என்றார் மருமகளிடம். "நீ ஷெட்டுலயே மிஷினைக் கட்டு. மொத வேலை, சசி ஊட்டுப் பூஜை ரூம் கதவு. அது சுத்தமா அமைஞ்சிருச்சுன்னா ஷெட்டு உனக்கு. இல்லாட்டி அவனுக்கு. சேரியா?"

"சேரீங்க மாமா," என்றாள் கோமளா.

பத்திரம் எதுவும் எழுதவில்லை. அரங்கசாமி சொன்னால் எழுதின மாதிரிதான்.

ஆழம் தெரியாமல் காலை விட்டவள் இல்லை கோமளா. ஆழம் நன்றாகவே தெரிந்துதான் விட்டாள். இரண்டடி மிஷினை நாலு மடங்கு நீளமாக்கினால் தொல்லையும் நாலு மடங்கு ஆகும் என்று நினைப்பவர்கள் மிஷின் கட்டாதவர்கள். தொல்லை நாற்பது மடங்கு ஆகும். நாலங்குலச் சதுரக் குழாயில் சட்டம் அடிக்க ஐயாசாமி என்கிற வெல்டரைக் கூப்பிட்டாள். அவர் ஒரே நாளில் அடித்து முடித்தார். கோமளா தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்து மட்டம் பார்த்தாள். வெல்டிங் சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டு ஒரு மூலை மூன்று மில்லிமீட்டர் தூக்கியிருந்தது.

"மூணு மில்லிதானுங்க அம்மணி," என்றார் ஐயாசாமி. "பெயிண்ட் அடிச்சாத் தெரியாதுங்க."

கோமளா சரியென்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பி வைத்தாள். பிறகு அந்தச் சட்டத்தின் மேல் ஓரம் கட்டி, பாகு பதத்தில் இருக்கும் ஒரு பசையை ஊற்றினாள். அது தண்ணீரைப் போலத் தானே மட்டம் பார்த்துக்கொண்டு இறுகும். இறுகுகிற இரண்டு நாளும் ஷெட் பக்கம் யாரும் நடக்கக்கூட அவள் விடவில்லை. மூன்றாம் நாள் அளந்தாள். ஒரு தலைமயிர் கனத்துக்குள் மட்டம். ஷெட்டில் யாரும் இல்லை. கோமளா கையைத் தட்டிக்கொண்டாள்.

அதன் மேல் தண்டவாளம் பதித்தாள், அதன் மேல் குறுக்குச் சட்டம் ஏறியது, சட்டத்தில் செதுக்கும் மோட்டார் உட்கார்ந்தது. மோட்டார் சூடாகாமலிருக்க ஏர்கூலரின் குட்டிப் பம்பைக் கழற்றி ஒரு பெயிண்ட் வாளியில் போட்டுத் தண்ணீர் சுற்ற விட்டாள். அந்தக் கோடையில் வீட்டில் ஏர்கூலர் ஓடவில்லை. கணவன் லட்சுமிநாராயணன் விசிறிக்கொண்டு தூங்கினான். ஏனென்று கேட்கவில்லை. அவன் காந்திபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் படம் வடிவமைக்கிறவன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் மனைவி செய்த எதையும் தப்பு என்று அவன் சொன்னதில்லை. அதை ஊரே பெருமையாகப் பேசும்.

ஐந்தாவது மாதம் மிஷின் ஓடியது. குறுக்குச் சட்டம் எட்டடியும் சத்தமில்லாமல் போய், சத்தமில்லாமல் திரும்பி வந்தது. அரங்கசாமி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் வாஸ்துக்காரரைக் கூட்டி வந்தார்.

வாஸ்துக்காரர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மிஷினை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"இது வேலையை எங்கிருந்துங்க தொடங்கும்?"

ஷெட்டின் கதவு கிழக்கே. கோமளா கதவுக்கு முதுகைக் காட்டி நிற்பாள். மிஷினுக்குப் பூஜ்யம் என்பது அவள் இடது கைப்பக்கத்து முன்மூலை. எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்கும். அதைக் காட்டினாள்.

"தென்கிழக்கு. அக்கினி மூலை," என்றார் அவர். அரங்கசாமியின் முகம் வாடியது. "தீ மூலையில தொடங்கின தொழில் எப்பிடீங்க நிக்கும்? ஈசானிய மூலையில தொடங்கோணும்."

ஈசானியம் என்பது வடகிழக்கு, அவள் வலது கைப்பக்கத்து முன்மூலை. மாட்டேன் என்று கோமளா சொல்லியிருக்கலாம். பதினோரு வருடம் மிஷின்களோடு பழகியவள், சொல்ல வேண்டிய காரணங்களும் அவளிடம் இருந்தன. ஆனால் ஷெட் அவருடையது, மாமனார் பெரியவர், வாஸ்துக்காரர் வெயிலில் வந்திருக்கிறார். "சேரீங்க," என்றாள்.

பூஜ்யத்தை வலது மூலைக்கு மாற்றினாள். அரங்கசாமி திரையருகே வந்து நின்றார். குறுக்குச் சட்டம் அங்கிருந்து இடது பக்கம் நகர்ந்தபோது திரையில் எண்கள் ஓடின. மைனஸ் பத்து, மைனஸ் இருபது, மைனஸ் முப்பது.

"அதென்ன கண்ணு, முன்னால கோடு போட்டுக் காட்டுது?"

"மைனஸுங்க மாமா. பூஜ்யத்துலிருந்து அந்தப் பக்கம் போனா அப்பிடித்தான் காட்டுமுங்க."

"மைனஸ்ல ஆரம்பிக்கற தொழில் உருப்படுமா?" என்று அரங்கசாமி வாஸ்துக்காரரைக் கேட்டார். வாஸ்துக்காரருக்கு மைனஸைப் பற்றிச் சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று தெரியவில்லை. உருப்படாது என்றார்.

கோமளா அந்த மோட்டாரின் ஒரு ஜோடி ஒயரை இடம் மாற்றிப் போட்டாள். இப்போது திரையில் பத்து, இருபது, முப்பது என்று மங்களகரமாக ஏறியது. அரங்கசாமி திருப்தியோடு போனார். ஆனால் இப்படி மாற்றினால் மிஷின் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாகச் செதுக்கும் என்பது கோமளாவுக்குத் தெரியும். உறுதி செய்துகொள்ள ஒரு துண்டுப் பலகையில் தன் பெயரைச் செதுக்கிப் பார்த்தாள். பெயர் பின்னாலிருந்து முன்னால் வந்தது. அவளுக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. இனி ஒவ்வொரு படத்தையும் கம்ப்யூட்டரில் ஒரு தடவை இடம் வலமாகத் திருப்பிவிட்டு மிஷினுக்குக் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு பட்டனை அழுத்துகிற வேலை. இதற்காக மாமனாரோடு வாதாடுவானேன்? துண்டுப் பலகையைக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் மரத்தூள் கூட்டிக் கொடுக்க வந்த லட்சுமிநாராயணன் குப்பையில் அந்தப் பலகையைப் பார்த்தான். மனைவியின் பெயர் திரும்பிக் கிடந்தது. பாவம், இவளுக்குத் தெரியவில்லை போல என்று நினைத்தான். ஐந்து மாதம் உழைத்திருக்கிறாள், கதவு வேலை தொடங்கப்போகிற நேரத்தில் மிஷின் தப்பாகச் செதுக்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? பலகையை மற்ற குப்பையோடு சேர்த்துக் கட்டினான். பூஜையறைக் கதவுக்கான படத்தை வரைந்தவன் அவன்தான். நடுவில் பிள்ளையார், சுற்றிலும் கொடி, இரண்டு பக்கமும் மணி தொங்கவிடத் துளைகள். கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை ஒரு தடவை இடம் வலமாகத் திருப்பி, பென் டிரைவில் போட்டு மனைவியிடம் கொடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்த நிறைவோடு அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான்.

கோமளா படத்தைத் திறந்தாள். மறக்காமல் ஒரு தடவை திருப்பினாள். மிஷினில் போட்டாள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த தேக்குப் பலகைகளை இணைத்து ஆசாரி அடித்துக் கொடுத்திருந்த கதவு அது. ஒன்பது மணி நேரம் செதுக்கியது மிஷின். எங்கும் நிற்கவில்லை, எங்கும் பிசகவில்லை. பிள்ளையாரின் தொந்தி எழுந்து வந்தது, கையிலிருந்த மோதகத்தின் மடிப்புகூட வந்தது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு "அம்சமா இருக்குதுங்க" என்றார்கள். இந்தத் தடவை அது நிஜம். கோமளா கதவைத் தடவிப் பார்த்தாள். எங்கேயும் ஒட்டின கோடு இல்லை. ஷெட் தனக்குத்தான் என்று அந்த நிமிடத்தில் அவள் முழுசாக நம்பினாள்.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்பு, ஹோமத்துக்கு இடம் பார்க்க அவிநாசி வீட்டுக்குக் குருக்கள் வந்தார். குடும்பம் மொத்தமும் அங்கே இருந்தது. மாட்டியிருந்த கதவின் முன்னால் குருக்கள் நின்றார். செருப்பில்லாத காலையும் ஒரு தடவை துடைத்துக்கொண்டார்.

"வலம்புரி," என்றார்.

பிள்ளையாரின் தும்பிக்கை பிள்ளையாருக்கே வலது கைப்பக்கமாக வளைந்திருந்தது. வீடுகளில் வைப்பது இடது பக்கம் வளைந்த இடம்புரிப் பிள்ளையாரை. வலம்புரி அபூர்வம், சக்தி அதிகம், அதனால் ஆசாரமும் அதிகம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையார் பிடிக்கப் பிள்ளையாராகவேதான் முடிந்திருந்தது. ஆனால் வேறு பிள்ளையார்.

"ஆசாரமுன்னா என்னங்க சாமி?" என்று கேட்டாள் சசிதரின் மனைவி அக்ஷிதா.

"விடியறதுக்கு முன்னாடி தினமும் விளக்கு ஏத்தணும். ஒரு நாள் விடக்கூடாது. தீட்டு ஆகாது. ஆத்துல கவுச்சி கூடவே கூடாது."

அக்ஷிதா சசிதரைப் பார்த்தாள். சசிதருக்கு வாரத்தில் மூன்று நாள் கறி வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதில் சேராது. ஆனால் அரங்கசாமியின் கண் கலங்கியிருந்தது.

"நாங்க எடம்புரிதாங்க சொன்னம். சாமி தானா வலம்புரியா வந்திருக்குது. அந்த வாஸ்துக்காரர் சொன்னதெல்லாம் சும்மா இல்லீங்க. ஈசானியத்துல தொடங்குனது வீண் போகுமுங்களா?"

கோமளாவுக்குக் காது சுட்டது. பேசாமல் இருந்தால் போதும். கதவு அதிசயம், மிஷின் அதிசயம், ஷெட் அவளுக்கு. ஆனால் அக்ஷிதா தான் வாழவேண்டிய வீட்டிலேயே பயந்து பயந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை. அதைவிட இன்னொன்று அவளைச் சுட்டது. தலைமயிர் கனத்துக்கு மட்டம் பார்த்துத் தன் கையால் கட்டிய மிஷினை, திசை பார்த்துச் செல்போனை ஆட்டியவர் கணக்கில் எழுதுகிறார்கள்.

"சாமி தானா திரும்பலீங்க மாமா," என்றாள். "நாந்தான் தப்புப் பண்ணிப்போட்டேன்."

மைனஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின் திருப்பிச் செதுக்கும், அதனால் படத்தை முன்கூட்டித் திருப்ப வேண்டும். "நானும் திருப்பித்தாங்க போட்டேன். அப்பறம் எப்பிடி இப்பிடி வந்துச்சுன்னுதான் எனக்கே புரியலீங்க."

லட்சுமிநாராயணன் கனைத்தான். "நானும் திருப்புனேன் கோமளா."

"எதைங்க?"

"படத்தை. கடையிலயே. குப்பையில உன்ற பேரு திரும்பிக் கெடந்துச்சு. உனக்குத் தெரியலையாட்ட இருக்குதுன்னு… சொன்னா மனசு சங்கடப்படுவியேன்னு…"

இரண்டு தடவை திருப்பினால் படம் பழையபடி நேராகிவிடும். நேரான படத்தை மிஷின் திருப்பிவிட்டது. இது அங்கிருந்த எல்லோருக்கும் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கோமளாவுக்கு உடனே புரிந்தது. கதவில் தொங்கிய மணி ஒன்றைக் கழற்றி அவன் தலையில் போடலாம் போலக் கோபம் வந்தது. கூடவே அந்த மனிதன் மேல் பிரியமும் வந்து தொலைத்தது. ஒரு வார்த்தை, இரண்டு பேரில் ஒருவர் பேசியிருக்கலாம்.

"அப்ப ஷெட்டு எனக்குங்களாப்பா?" என்றான் சசிதர். மரியாதையாகத்தான் கேட்டான்.

அரங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிசயம் கை நழுவியதில் அவருக்கு வருத்தம்தான். "முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்குதல்ல," என்றார். "இன்னொரு கதவு ஆகுமா கண்ணு?"

ஆசாரி இரண்டு நாளில் இன்னொரு கதவை இணைத்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் மிஷின் செதுக்கியது. இந்தத் தடவை கணவனும் மனைவியும் திரையின் முன்னால் ஒன்றாக உட்கார்ந்து, "நான் திருப்பறேன்", "நான் தொடலை" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டார்கள். தும்பிக்கை இடது பக்கம் வந்தது. கிரகப்பிரவேசம் நல்லபடியாக நடந்தது.

மிச்சமிருந்தது வலம்புரிக் கதவு. உடைக்கக்கூடாது, எரிக்கக்கூடாது, மூலையில் சாத்தி வைக்கவும் கூடாது என்றார் குருக்கள். சுத்தமான இடத்தில் நிறுத்தி விளக்கேற்ற வேண்டும். எந்த வீட்டில்? அரங்கசாமிக்கே ஆட்டுக்கால் சூப் இல்லாமல் மார்கழியைத் தாண்ட முடியாது. கடைசியில் அவரே முடிவு சொன்னார். கதவு ஷெட்டில், ஈசானியத்தில் நிற்கட்டும். ஷெட்டில் யாரும் சமைப்பதில்லை. விடியற்காலையில் அவரே விளக்கேற்றுவார். வலம்புரி முன்னால் பனியன் வேஸ்ட் மூட்டையை அடுக்கச் சசிதருக்கும் தைரியம் வரவில்லை. கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஷெட் கோமளாவுக்கு வந்தது. வேலைகளும் வந்தன. மேட்டுப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு அலமாரிக் கதவு பதினாலு என்று முதல் பெரிய ஆர்டர்.

இரண்டு வாரம் கழித்து லட்சுமிநாராயணன் சாப்பிடும்போது ஆரம்பித்தான். அப்பா ஒன்று சொல்லச் சொன்னார் என்றான். பிறகு ரசம் நன்றாக இருக்கிறது என்றான். கோமளா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது வந்து… மாசத்துல அந்த மூணு நாளு மட்டும்… ஷெட்டுக்குள்ள போகவேண்டாமுன்னு. சாமி இருக்குதல்ல."

கோமளா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள். மாதம் மூன்று நாள் என்றால் வருடத்துக்கு முப்பத்தாறு நாள். வருடத்தில் முப்பத்தாறு நாள் வாசலோடு திரும்ப வேண்டிய இடத்தைத் தன் ஷெட் என்று எப்படிச் சொல்வது?

அந்த நாள் வந்தது. பதினாலு கதவில் ஒன்பது முடிந்திருந்தது. கோமளா வழக்கம்போல ஒன்பது மணிக்குப் பின்பக்கம் போனாள். அரங்கசாமி ஷெட் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஈசானியத்தில் விளக்கு எரிந்தது. பேசாமல் உள்ளே போயிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கோமளா அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, எனக்கு இன்னிக்கு ஊட்டுக்குத் தூரமுங்க."

அந்த வீட்டில் ஒரு மருமகள் மாமனாரிடம் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. அரங்கசாமி பேப்பரில் இருந்த சிமெண்ட் விளம்பரத்தை உற்றுப் படித்தார்.

"மிஷினை நிறுத்தறாப்பல இல்லீங்க. இன்னிக்கு நிறுத்துனா மாசாமாசம் நிறுத்தோணும். அப்பறம் இது எப்பிடீங்க மாமா என்ற ஷெட்டு? சாமி ஆகாதுன்னா சாமியை வேற எடத்துல வெச்சுக்கலாமுங்க. நான் உள்ள போறேனுங்க."

அரங்கசாமி பேப்பரை நாலாக மடித்தார். எழுந்தார். வீட்டுக்குள் போய்விட்டார். கோமளா அங்கேயே நின்றாள். சசிதருக்குத்தான் போன் பண்ணப் போகிறார் என்று நினைத்தாள். மிஷினை எத்தனை துண்டாகக் கழற்றினால் மாடிக்கு ஏற்றலாம் என்றுகூட மனம் கணக்குப் போட்டது. அப்படியும் அவள் சொன்னதைத் திரும்ப எடுக்க நினைக்கவில்லை.

அரங்கசாமி வந்தார். ஒரு கையில் சுத்தியல், இரண்டு ஆணி. இன்னொரு கையில் கிரகப்பிரவேசத்துக்குச் சசிதர் எடுத்துக் கொடுத்த புது எட்டு முழ வேட்டி, மடிப்புக் கலையாமல். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். எழுபத்திரண்டு வயதில் ஏறவேண்டிய ஸ்டூல் இல்லை அது. கோமளா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிறகுதான் ஷெட்டுக்குள் நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அவர் சுவரில் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். இரண்டு ஆணி அடித்து, வேட்டியை விரித்து, பிள்ளையார் முன்னால் கோயில் திரை மாதிரித் தொங்கவிட்டார்.

"மரத்தூசு பறக்குது," என்றார், அவளைப் பார்க்காமல். "சாமி கண்ணுல விழுந்துபோடுமல்ல."

முந்தைய இருபது நாளும் மரத்தூசு பறந்துகொண்டுதான் இருந்தது. அதைக் கோமளா சொல்லவில்லை.

"ஆமாங்க மாமா," என்றாள். அவர் இறங்கி நாற்காலிக்குப் போகும்வரை ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்தாவது கதவை ஏற்றினாள்.